குன்றிமணி நஞ்சும் பவுல் ஏர்லிக்கும்

குன்றிமணியை அறியாத தமிழர் இலர். பொற்கொல்லன் தராசிலே அது நிறைகல்லாய்க் கிடந்தது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாய் அமைந்தது. அதன் சிவந்த மேனியையும் கரிய மூக்கையும் உவமைக்கு எடுத்தாண்ட புலவரும் உளர். அதன் பருப்பினுள்ளே உயிரைக் கொல்லும் நஞ்சு உண்டென்பதை நம் நாட்டு வைத்தியரும் நன்கறிவர். ஆயின், அந்நஞ்சைக் கொண்டே உடம்பின் காவல் எவ்வாறு நடைபெறுகின்றதென ஆராய்ந்த ஒருவர் பேர்லின் நகரிலே வாழ்ந்தார் என்பது நம்மிற் பலர் அறியாதது. அவர் பவுல் ஏர்லிக். அவர் இறந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் எழுப்பிய வினாவுக்கு முழு விடை கிடைத்ததோ அவர் காலத்துக்கு நெடுநாட் பின்னராகும்.

1854 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆந் திகதி, அக்காலத்துப் பிரசிய அரசின்கீழிருந்த சிலேசியா மாகாணத்திலே, ஸ்ரெலன் என்னுஞ் சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் ஏர்லிக் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டிலே உள்ளது. தாயார் வைகெற் குடும்பத்தவர். அக்குடும்பத்துப் பிள்ளையும் ஏர்லிக்குக்கு ஒன்பதாண்டு மூத்த மைத்துனருமான கார்ல் வைகெற், நுணுக்குக்காட்டியிலே காணும் இழையங்களுக்குச் சாயமூட்டும் முறையில் வல்லவர். இளைஞர் ஏர்லிக்கைச் சாயப்பித்துப் பிடித்தது அவர் வழியாகவே. பிறெசுலோ, ஸ்திராஸ்பேர்க், பிறைபேர்க், லைப்சிக் எனப் பல்கலைக்கழகம் பலவற்றில் மாறி மாறிப் படித்தார். பாடத்திட்டத்துக்கு அடங்கிய மாணவர் அல்லர். பிறெசுலோவுக்கு ஒருமுறை வந்த ரொபேட் கொக் என்னும் பேரறிஞருக்கு இவரைச் சுட்டிக்காட்டி, சாயமிடுவதிற் கெட்டிக்காரன், பரீட்சையிலே மட்டும் தேறமாட்டான் என்று சொன்னார்களென ஒரு கதை வழங்குகின்றது. முப்பதாண்டு கரும்பலகையின் முன்னே நின்ற எனக்கு இக்கதை சற்றே உறுத்துகின்றது. பரீட்சைத் தாளைத் திருத்துவது எளிது. பையனை அறிவதுதான் அரிது. கதை எவ்வாறாயினும், 1878 இல் சாயங்களைப் பற்றிய ஆய்வேட்டினாலேயே அவர் மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

சாயத்தில் இவ்வளவு என்ன இருக்கின்றது? ஒரு சாயத்தை இழையத்தின்மீது ஊற்றினால் அது எல்லாவற்றிலும் ஒருபடியாகப் படிவதில்லை. ஒரு கலத்தைப் பற்றும். அருகிலிருக்கும் கலத்தை விட்டுவிடும். இது ஏன்? சாயத்தின் மூலக்கூறுக்கும் கலத்தின் மூலக்கூறுக்கும் இடையே ஒரு பொருத்தம் இருத்தல் வேண்டும். பொருந்தினாற் பற்றும், பொருந்தாவிடிற் பற்றாது. ஏர்லிக்கின் வாழ்நாட் சிந்தனை அனைத்தும் இந்த ஒரு வித்திலிருந்தே முளைத்தது.

பேர்லினிலுள்ள சரிற்றே மருத்துவமனையிலே குருதியின் வெண்குழியங்களைச் சாயத்தால் வகைப்படுத்தினார். 1882 மார்ச்சு 24 ஆந் திகதி கொக் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்த கூட்டத்திலே இவரும் இருந்தார். அக்கிருமிக்குச் சாயமூட்டும் முறையை விரைவிலே திருத்தியமைத்துக் கொடுத்தார். சில ஆண்டுகளின் பின்னர் அந்நோய் இவரையே பற்றியது. தம் சளியிலே தாமே கிருமியைக் கண்டார் என்பர். 1888 இல் மனைவி ஹெட்விக்குடன் எகிப்து சென்று, வெயிற் காய்ந்து, மறுவாண்டு நலம்பெற்று மீண்டார். மீண்டபோது பதவியில்லை. சொந்தச் செலவிலே ஒரு சிறு ஆய்வுகூடம் அமைத்துக்கொண்டார். குன்றிமணி ஆய்வு அக்காலத்தில் எழுந்ததே.

1890 இல் பேரிங் என்பாரும் யப்பானியராகிய கித்தசாற்றோவும், தொண்டைக்கரப்பன், ஏற்புவலி ஆகியவற்றின் நஞ்சுகளைச் சிறிதளவாக ஏற்ற விலங்கின் குருதிநீரிலே அந்நஞ்சுகளை முறிக்கும் பொருள் தோன்றுகின்றதெனக் காட்டினர். அது கிருமி நஞ்சுக்கு மட்டும் உரிய நியதியா என ஏர்லிக் ஐயுற்றார். கிருமியோடு தொடர்பே இல்லாத தாவர நஞ்சுகள் இரண்டை எடுத்தார். ஒன்று ஆமணக்கு விதையின் இரிசின். மற்றது குன்றிமணியின் ஏபிரின். சுண்டெலிகளுக்கு உணவிலே அணுவளவாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிக் கொடுத்தார். சில நாள்வரை ஒன்றும் நிகழவில்லை. ஆறாம் நாளளவிலே எலிகள் திடீரென நஞ்சைத் தாங்கும் வலிமை பெற்றன. சில கிழமைகளில், சாதாரண எலியைக் கொல்லும் அளவினும் பன்னூறு மடங்கைத் தாங்கின. இன்னும் வியப்பானது யாதெனில், ஆமணக்கு நஞ்சுக்குப் பழகிய எலி குன்றிமணி நஞ்சுக்கு இறந்தது. குன்றிமணிக்குப் பழகியது ஆமணக்குக்கு இறந்தது. ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒவ்வொரு முறிவு. 1891 இல் எழுதிய கட்டுரையிலே இம்முறிபொருளுக்கு அவர் வழங்கிய பெயரையே நம் பாடநூல்கள் இன்று பிறபொருளெதிரி என மொழிபெயர்த்து வழங்குகின்றன.

மறுவாண்டு அவர் செய்த பரிசோதனை அதனினும் நுட்பமானது. நஞ்சுக்குப் பழகிய தந்தை எலியின் குட்டிகளுக்குக் காவல் இல்லை. பழகிய தாயின் குட்டிகளுக்கு உண்டு. அதுவும் சில கிழமைகளே. குட்டிகளை மாற்றிப் பாலூட்டச் செய்து, காவல் தாய்ப்பாலின் வழியாகவும் செல்கின்றதெனக் கண்டார். பேரக்குட்டிகளுக்கு அஃது அறவே இல்லை. ஆகவே உடம்பு ஈட்டிய இவ்வலிமை வித்தின் வழியாக இறங்குவதன்று. தாய் கொடுத்த கடனாகச் சிலகாலம் நின்று தீர்வது.

இனி அவர் பேரிங்குக்குச் செய்த உதவியைச் சொல்லுதல் வேண்டும். குதிரையின் குருதிநீரைத் தொண்டைக்கரப்பன் கண்ட குழந்தைக்கு ஏற்றலாம். ஆயின் எத்துணை ஏற்றுவது? ஒரு குப்பி காக்கும், மறு குப்பி பயன்படாது. அளவுகோல் இல்லாத மருந்தினால் மருத்துவர் மயங்கினர், குழந்தைகள் இறந்தன. ஏர்லிக் உலர்த்திய குருதிநீரை வளியும் ஒளியும் ஈரமும் புகாமற் காத்து அதனையே நிறைகல்லாக வைத்து, ஏனைய மருந்துகளை அதனோடு ஒப்பிட்டு அளக்கும் முறையை வகுத்தார். 1897 இல் அம்முறை முற்றுப்பெற்றது. மருந்தின் இலாபப் பங்கைக் குறித்து இரு நண்பருக்கும் இடையே கசப்புத் தோன்றியது. பின் அது முற்றாக மாறவில்லை. 1901 இல் மருத்துவத்துக்குரிய முதல் நோபல் பரிசு பேரிங்குக்கே கிடைத்தது. ஏர்லிக் அதனை 1908 இல், மெச்னிக்கோவ் என்பாரோடு பகிர்ந்து பெற்றார்.

நஞ்சை அளந்துகொண்டிருக்கும்போதே அவர் ஒன்றைக் கவனித்தார். பழைய நஞ்சு கொல்லும் வலியை இழந்த பின்னரும் முறிபொருளைப் பற்றும் வலியை இழக்கவில்லை. எனவே நஞ்சின் மூலக்கூறிலே பற்றும் உறுப்பு வேறு, கொல்லும் உறுப்பு வேறு. பற்றுவதற்குக் கலத்தின்மீதும் ஒரு கை இருத்தல் வேண்டுமன்றோ? அக்கையை அவர் பக்கச்சங்கிலி என்றார்; பின்னாளில் வாங்கி என்றார். கலத்தின் மேற்பரப்பிலே பலவகை வாங்கிகள் முன்னரே உள்ளன. பூட்டுக்குத் திறவுகோல் போல ஒரு நஞ்சு தனக்கேற்ற வாங்கியைப் பற்றுகின்றது. பற்றப்பட்ட கை பயனற்றுப் போகவே, கலம் அதே கையை மீண்டும் மீண்டும் ஆக்குகின்றது. இழந்ததற்கு மேலாக ஆக்கி, மிகுந்தவற்றைக் குருதியிலே உதிர்க்கின்றது. உதிர்ந்த கைகளே பிறபொருளெதிரிகள். காயம்பட்ட இழையம் தான் இழந்ததினும் மிகுதியாக வளரும் என்னும் கருத்து மைத்துனர் வைகெற்றினுடையது. ஏர்லிக் அதனை இங்கே பொருத்தினார். 1900 இல் இலண்டன் உவேந்தவைச் சங்கத்திலே படங்களோடு இதனை விளக்கினார். கைகள் முளைத்த கலமொன்று அப்படத்திலே நிற்கும். எதிரிகள் அப்படத்தை நகைத்தனர். பெல்சியத்துப் போடே, சுவீடனைச் சேர்ந்த அரேனியசு முதலியோர் அவரோடு பல்லாண்டு வாதிட்டனர்.

அவரது நடையுடை பாவனையைப் பற்றி ஒரு சொல். வலிய சுருட்டு ஓயாது புகைப்பார். சுருட்டுப் பெட்டியைக் கக்கத்திலே இடுக்கியபடி நடப்பார். மறுநாட் பணியை வண்ணத் தாள்களில் எழுதி உதவியாளருக்கு அனுப்புவார். தாள் கிடைக்காவிடிற் சட்டைக் கைப்பட்டியிலும் எழுதுவார். நூல்களும் சஞ்சிகைகளும் நாற்காலிகளிலெல்லாம் குவிந்திருந்தமையால் வந்தவர் இருக்க இடமிராது. இவ்வகை அறிஞர் நம்மிடையேயும் இருந்தனர். அவர்கள் மனைவியரின் பொறுமையை எவரும் நூலாக எழுதவில்லை.

1899 இல் அவருடைய நிலையம் பிராங்பேர்ட் நகருக்கு மாறியது. 1906 இல் வங்கியாளர் ஒருவரின் கைம்பெண்ணாகிய பிரான்சிஸ்கா இசுபையர் அம்மையார் கணவர் பெயரால் அளித்த கொடையிலே அயலில் வேறொரு ஆய்வகமும் எழுந்தது. ஆங்கே, உடம்பைத் தாக்காது கிருமியை மட்டும் பற்றிக் கொல்லும் மருந்தைத் தேடி, ஆசனிக்குச் சேர்க்கைகளை நூற்றுக்கணக்கிலே ஆக்கிச் சோதித்தனர். பயனற்றதென ஒதுக்கிவைத்த 606 ஆம் பொருளை 1909 இல் யப்பானியராகிய ஹாற்றா மீண்டும் சோதித்து, மேகநோய்க்கு மருந்தெனக் கண்டார். அதுவே 1910 இல் வெளிவந்த சல்வர்சான். அதன் புகழும் அதனால் வந்த பழியும் பெருங்கதை. சாயத்திலே தொடங்கிய பொருத்த நினைவே மருந்திலும் தொழிற்பட்டது என்பதை மட்டும் இங்கே குறித்து அப்பாற் செல்கின்றேன்.

1914 ஒக்டோபரிலே, போரில் யேர்மனியின் செயல்களை ஆதரித்து 93 அறிஞர் கையொப்பமிட்ட அறிக்கையில் ஏர்லிக்கின் பெயரும் உண்டு. பெல்சிய மக்கள் பட்ட துயரை அவ்வறிக்கை மறுத்தது. அவரைப் போற்றி எழுதுவோர் சிலர் இதனை விட்டுவிடுகின்றனர். நான் விட விரும்பவில்லை. அவ்வாண்டு அவருக்கு அறுபது வயது. பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவியும் அவ்வாண்டிலேதான், புதிதாகத் தோன்றிய பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்திலே, அவருக்குக் கிடைத்தது. உலகம் போற்றிய ஒருவருக்கு அத்துணைக் காலம் அது கிடையாமைக்கு அவர் யூதராயிருந்தமை ஒரு காரணமென்பது பலர் கருத்து. 1915 ஆகத்து 20 ஆந் திகதி ஹோம்பேர்க் நகரிலே இறந்தார். நாற்சிகள் ஆண்ட காலத்திலே, எந்த நாட்டுக்காகக் கையொப்பமிட்டாரோ அந்த நாடே வீதிப்பலகையிலிருந்து அவர் பெயரை நீக்கியது. மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டு நீங்கி 1948 இல் அமெரிக்காவிலே காலமானார். போருக்குப் பின்னர் அந்நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. யூரோ வருமுன் வழங்கிய 200 மார்க் தாளிலும் அவர் முகம் பொறிக்கப்பட்டது.

அவருடைய கொள்கைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இவ்வாறே. வியன்னாவிலே கார்ல் லான்ட்ஸ்ரைனர் என்பார், குருதி வகுப்புகளைக் கண்டவர், 1917 தொடக்கம் வேறொரு பரிசோதனை செய்தார். ஆய்வுகூடத்திலே மனிதர் ஆக்கிய சிறு இரசாயனப் பொருள்களைப் புரதத்தோடு பிணைத்து விலங்கினுள்ளே செலுத்தினார். அவற்றுக்கும் பிறபொருளெதிரி உண்டாயிற்று. அவர் கையாண்ட பொருள்களில் ஒன்று, ஏர்லிக் தம் மருந்துத் தேட்டத்திலே முதன்முதல் எடுத்துக்கொண்ட அற்றொட்சில் என்னும் ஆசனிக்குப் பொருளின் அமிலமே! இயற்கையிலே என்றும் இருந்திராத பொருளுக்கு உடம்பு முன்னரே ஒரு கையை எவ்வாறு வைத்திருக்கும்? இக்கேள்வியின் முன்னே ஏர்லிக்கின் கொள்கை சரிந்தது. அந்நியப் பொருளே அச்சாக நின்று, குழைந்த புரதத்தைத் தன் வடிவுக்கேற்பப் பிசைந்துகொள்கின்றது என்ற கருத்து 1930 இலிருந்து ஓங்கியது. போலிங் போன்ற பெருவேதியியலாரும் அதனை ஏற்றனர்.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பேர்னெற் 1957 இல் ஏர்லிக்கைத் திருத்தமாக மீட்டார். கைகள் முன்னரே உள்ளன என்றது சரி. ஒரு கலத்திலே பலவகைக் கைகள் உள்ளன என்றதே பிழை. ஒரு நிணநீர்க்குழியத்துக்கு ஒருவகைக் கையே. கோடிக்கணக்கான குழியங்கள் வெவ்வேறு கைகளோடு உலாவுகின்றன; வந்த பகைக்கு எது பொருந்துகின்றதோ அக்குழியம் மட்டும் பெருகித் தன் கையையே பல்லாயிரமாய் உதிர்க்கின்றது. நன்று, ஆயின் கணக்கு உதைத்தது. மனிதனுக்குள்ள பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. அவை அனைத்தையும் இதற்கே செலவிட்டாலும் கோடிக்கணக்கான கைகளுக்குப் போதா.

இதற்கு விடை கண்டவர் சுவிற்சலாந்தின் பாசல் நகரிலே பணியாற்றிய யப்பானியர் தொனெகாவா. 1976 இல் அவரும் ஹொசுமி என்பாரும், எலிக் கருவின் டி.என்.ஏ.யையும், பிறபொருளெதிரி ஆக்கும் எலிக் கட்டியொன்றின் டி.என்.ஏ.யையும் துண்டித்து ஒப்பிட்டனர். கருவிலே தொலைவிற் கிடந்த இரு பகுதிகள் கட்டியிலே அணித்தாக இருந்தன. உடம்பு தன் மூல ஏட்டையே வெட்டி ஒட்டியிருக்கின்றது! எல்லாக் கலத்திலும் ஏடு ஒன்றே என்று கருதிவந்தோர் திகைத்தனர். 1987 இல் தொனெகாவா தனியாக நோபல் பரிசு பெற்றார்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லேன். எங்கள் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியர் இதனை விளக்கக் கேட்டபோது, புணரியல் கற்பிப்பதுபோலவே தோன்றிற்று. பிறபொருளெதிரியின் பாரச் சங்கிலிக்கு முதற்றுண்டு ஏறத்தாழ 40, நடுத்துண்டு 23, இறுதித்துண்டு 6 உள. குழியம் இளமையில் ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பொறுக்கி இணைக்கின்றது; இடையிலுள்ளவற்றை வெட்டியெறிகின்றது. இதனால் வருவன 5,520 வகை. இலேசான சங்கிலிக்கும் இவ்வாறே முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. இரண்டையும் சேர்த்தால் 17 இலட்சத்துக்கு மேலாகும். வெட்டி ஒட்டும் நொதியத்துக்குரிய அலகுகள் இரண்டும் 1989, 1990 ஆம் ஆண்டுகளிலே கண்டுபிடிக்கப்பட்டன. அவை பழுதான குழந்தைகளுக்கு நிணநீர்க்குழியங்கள் உருவாவதில்லை. சிறு கிருமியும் அவர்களுக்கு எமனாகும்.

துண்டுகள் சேருமிடத்தை நோக்குக. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும்போது இலக்கணத்தார் என்ன சொல்கின்றனர்? ஓரெழுத்துப் புதிதாகத் தோன்றலாம். உள்ள எழுத்துக் கெடலாம். ஒன்று பிறிதொன்றாகத் திரியலாம். இங்கும் சந்தியிலே சில எழுத்துகள் அரிக்கப்பட்டுக் கெடுகின்றன. ஏட்டில் இல்லாத சில எழுத்துகளை ஒரு நொதியம் தன் போக்கிலே சேர்க்கின்றது. வேறுபாடு யாதெனில், நம் சந்திக்கு விதியுண்டு, இதற்கு இல்லை. விதியின்மையே இதன் பலம். இதனால் வகைகள் பல்லாயிரங் கோடியாகப் பெருகுகின்றன. லான்ட்ஸ்ரைனரின் செயற்கைப் பொருளுக்கும் ஒரு கை காத்திருந்தது இவ்வாறே. மூன்றில் இரண்டு முடித்த பண்டிதன் மூன்றாவதாகிய திரிதலை எதிர்பார்ப்பான். அஃது இன்னொரு காலத்திலே வருகின்றது.

பகையைச் சந்தித்துப் பெருகத் தொடங்கிய குழியம், நிணநீர்க்கணுவினுள்ளே, தன் பிறபொருளெதிரிக்குரிய எழுத்துகளை வேண்டுமென்றே பிழைபட எழுதுகின்றது. ஏனைய அலகுகளிலும் ஏறத்தாழப் பத்திலட்சம் மடங்கு விரைவாக, ஒவ்வொரு கலப்பிரிவிலும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்னும் அளவிலே, இப்பிழை நேர்கின்றது. விஞ்ஞானிகள் இதற்குச் சூட்டிய தமிழ்ப்பெயரும் விகாரம் என்பதே. பெயரிட்டவர் நன்னூல் படித்தவர் போலும். பெரும்பாலான விகாரம் கையை முடமாக்கும், அக்குழியங்கள் மடியும். ஒரு சில முன்னையினும் இறுகப் பற்றும். அவையே பிழைத்துப் பெருகும். கிழமைக்குக் கிழமை பற்று இறுகுகின்றது. எலியின் இலேசான சங்கிலிகளிலே இத்தகைய சிறு மாற்றங்கள் உண்டென 1970 இல் காட்டியவர்களுள் முதற்பெயர் மாட்டின் வைகெற் என்பது. ஏர்லிக்கின் மைத்துனர் பெயரைக் கண்டு மகிழ்ந்தேன். உறவு கற்பிக்க எனக்கு ஆதாரமில்லை. எழுத்தைத் திரிக்கும் நொதியத்தை 1999 இல் ஹொஞ்சோ என்னும் யப்பானியரின் ஆய்வகம் கண்டது. அது டி.என்.ஏ.யிலே சைற்றோசின் என்னும் எழுத்தைப் பிடித்து யூராசிலாகத் திரிக்கின்றது. பழுதுபார்க்கும் வேறு நொதியங்கள் ஓடிவந்து அதனைச் செப்பனிடும்போது வேறெழுத்துப் புகுந்துவிடுகின்றது. இந்நொதியம் இலக்குத் தவறி வேறிடத்திலே எழுதினால் நிணநீர்க்குழியப் புற்றுநோய்க்கு அது வழியாகலாம். காவலுக்கு உடம்பு கொடுக்கும் விலை சிறிதன்று.

ஏர்லிக்கின் எலிகளிலே ஆறாம் நாள் எழுந்த வலிமை பொருந்திய குழியங்கள் பெருகியதால் வந்தது. கிழமைகள் செல்லச்செல்ல வளர்ந்த வலிமையிலே திரிதலுக்கும் பங்குண்டு. வெட்டலும் ஒட்டலும் திரித்தலும் நிணநீர்க்குழியத்திலே நிகழ்கின்றனவேயன்றிச் சூலிலும் விந்திலும் நிகழ்வதில்லை. குன்றிமணி நஞ்சை வென்ற தந்தை எலியின் குட்டிகள் 1892 இல் வெறுங்கையோடு பிறந்தது அதனாலேயே. அவை தத்தம் துண்டுகளை முதலிலிருந்து பொறுக்கத் தொடங்கின.